ராங் நம்பரை ரசிப்பது எப்படி?

ஒலிநாடகத்தில் முகம் கிடையாது, கை ஜாடை கிடையாது. ஒருவர் சொன்னது அடுத்தவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். மனிதர்கள் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளும் கதைகள் இந்த வடிவத்தில் எடுபடுவது அதனால்தான். இரண்டு பக்கமும் கேட்கிற ஒரே ஆள் நீங்கள். யார் காதில் எது விழவில்லை என்று கவனிக்கத் தொடங்கினால் ரசனை தானாக வரும்.

ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காதால் கதை கேட்பது புதிதில்லை. ஆனால் அது பெரும்பாலும் பார்த்த படத்தின் வசனம். சிவாஜியின் முகம் மனதில் வந்து நின்றுவிடும். ஒலிக்கென்றே எழுதப்பட்ட நாடகத்தில் அந்தச் சலுகை இல்லை.

எதில் தொடங்கலாம்?

லூசில் ஃபிளெட்சர் எழுதிய ‘சாரி, ராங் நம்பர்’ நல்ல தொடக்கம். அரை மணி நேரம்தான். 1943 மே 25 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில், ‘சஸ்பென்ஸ்’ தொடரில் முதலில் ஒலிபரப்பானது. ஆக்னஸ் மூர்ஹெட் நடித்தார். படுத்த படுக்கையாக இருக்கும் திருமதி ஸ்டீவன்சன், கணவரின் ஆபீசுக்கு போன் போடுகிறார். எங்கேஜ்ட். ஆபரேட்டரிடம் சொல்லி இணைக்கச் சொன்னால், கிராஸ் டாக். அன்றிரவு ஒரு பெண்ணைக் கொல்ல இரண்டு ஆண்கள் திட்டம் போடுவது காதில் விழுகிறது.

தூரத்தைக் கேளுங்கள்

திருமதி ஸ்டீவன்சனின் குரல் மட்டும் முழுசாக, பக்கத்தில் கேட்கும். மற்ற குரல்களெல்லாம் போன் வழியாக வருவதுபோல் மெலிந்து, தகரம் தட்டின மாதிரி இருக்கும். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே நம்மை அவர் கட்டிலருகே உட்கார வைத்துவிடுகிறார்கள். வர்ணனை எதுவும் தேவைப்படவில்லை.

தொனியைக் கேளுங்கள்

அவர் சொல்வது உண்மை. ஆனால் சொல்கிற விதம் அதிகாரம், சிணுங்கல், பதற்றம். ஆபரேட்டர் அலுத்துக்கொள்கிறார், போலீஸ்காரர் பாதிக் கவனத்தோடு கேட்கிறார். ஒரு கட்டத்தில் நமக்கே ‘இந்தம்மா கொஞ்சம் நிறுத்தினால் தேவலை’ என்று தோன்றும். அந்த எரிச்சலை ஒதுக்கிவிடாதீர்கள். உதவி கேட்டவரை நம்பாத கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிட்டார் ஃபிளெட்சர். நாடகத்தின் சாமர்த்தியமே அதுதான்.

பதில் வராத இடத்தைக் கேளுங்கள்

அடுத்து ஹெரால்ட் பின்டரின் ‘ஃபேமிலி வாய்சஸ்’. 1981 ஜனவரியில் பிபிசி ரேடியோ 3-இல் வந்தது. ஊரை விட்டுப் போன மகன், காத்திருக்கும் தாய். இருவரும் கடிதம் எழுதுவதுபோல் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் பேச்சில் பதிலே இருக்காது. மேடையிலோ திரையிலோ என்றால் அவர்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒலியிலோ இரண்டு குரலும் நம் காதுக்குள் அக்கம்பக்கமாக இருக்கின்றன; நெருக்கமாகக் கேட்கக் கேட்க, அவர்களுக்குள் இருக்கும் தூரம் உறைக்கும்.

நிஜக் குரல்கள்

கற்பனை வேண்டாம் என்பவர்களுக்கு ‘ஸ்டோரிகோர்’ என்ற உரையாடல் பதிவுத் திட்டம். 2003-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஒரு சிறிய பதிவுக் கூண்டில் தொடங்கியது. அப்பா-மகள், நண்பர்கள் என ஏற்கெனவே பழகிய இருவர் சுமார் 40 நிமிடம் பேசுவார்கள். வானொலியில் வருவது அதில் சில நிமிடங்கள்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளியைக் கவனியுங்கள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்காமல் விட்ட கேள்வி அது என்று அங்கேதான் தெரியும்.

சில யோசனைகள்

விளக்கை அணைத்துவிடுங்கள். 1924-இல் ரிச்சர்ட் ஹியூஸ் பிபிசிக்கு எழுதிய ‘எ காமெடி ஆஃப் டேஞ்சர்’, நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து மாட்டிக்கொண்டவர்களின் கதை. பாத்திரங்களுக்கும் நேயர்களுக்கும் ஒரே இருட்டு. சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்டால் கதை புரியும், இடைவெளிகள் தப்பிவிடும். வேகத்தை ஒன்றரை மடங்காக்காதீர்கள். மௌனமும் சுருங்கிவிடும்.

முடிந்தால் இன்னொருவரோடு சேர்ந்து கேளுங்கள். முடிந்ததும், தப்பு யார் பக்கம் என்று ஆளுக்கொரு பதில் சொல்லுங்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி போட்டுக் கேளுங்கள். ஒரே குரலை இருவரும் எங்கே வேறு வேறாகக் கேட்டீர்கள் என்பது தெரிந்துவிடும்.