ஒரு கையொப்பம், இரு செயலிகள்

ராஜபாளையத்தில் உள்ள உங்கள் வீட்டுச் சாவியை ஒருவரிடம் நம்பிக் கொடுக்கிறீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய தம்பி அதே சாவியுடன் வந்து கதவைத் திறந்தால் ஒப்புவீர்களா? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதற்கு இடமுண்டு.

2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் 'சாதன நிர்வாகி' என்னும் அதிகாரம் புகுத்தப்பட்டது. திரையைப் பூட்டவும் தரவுகளை அழிக்கவும் அது வழிசெய்தது. அதை ரத்துச் செய்யாமல் அச்செயலியை நீக்க முடியாது. அலுவலகக் கைப்பேசி களவு போனால் இது பயன்தான், மறுப்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஆண்ட்ராய்டு ஓர் அடையாள எண் வழங்குகிறது. ஒரே நிறுவனத்தின் மின்கையொப்பம் தாங்கிய இரு செயலிகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ள முடியும். பூட்டும் கட்டளை வரும்போது சரிபார்க்கப்படுவது அந்த எண்தான். எனவே ஒன்றுக்கு நீங்கள் தந்த அதிகாரத்தை மற்றதும் செலுத்தலாம். ஒப்புதல் கேட்ட திரையிலோ ஒரு பெயர் மட்டுமே இருந்தது!

கையொப்பம் செயலியை ஆக்கியவர் யாரென்று காட்டும். உங்கள் சம்மதத்தை அது எப்படிக் காட்டும்? 2019-இல், ஆண்ட்ராய்டு 10 வந்தபோது, எண்ணைப் பகிரும் முறை தவிர்க்கத்தக்கது என அறிவிக்கப்பட்டது. பழைய செயலிகளை முன்னிட்டு அது அடியோடு நீக்கப்படவில்லை. அமைப்புகளில் சாதன நிர்வாகிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கும் தம்பியின் பெயர் இராது.