கருவாட்டின் உப்பை எங்கே இறக்குவது?

பத்து காஜாவில் எல்லா வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் ஒரே மாதிரி மணப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. அலுவலகக் கிராணிகளாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கு வந்தார்கள். கிந்தா கெல்லாஸ் போன்ற தோட்டங்களில் பால்மரம் சீவத் தமிழகத்தார் வந்தார்கள். இரு சாராரும் கருவாட்டைக் கைவிடவில்லை. இரண்டு சமையலுக்கும் வேறுபாடு மசாலாவில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது கழுவும் சட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழகக் கரையோரத்தில் நெத்திலியைப் பெரும்பாலும் மணலில் பரப்பித்தான் காயவைப்பார்கள். அதனால் அங்கே உப்பைவிட மணல்தான் பெரிய தொல்லை. தலையைக் கிள்ளி, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, வெந்நீரில் போட்டு, அடியில் மணல் தங்காமல் போகும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சிலர் அரிசி களைந்த நீரில் அலசுவதும் உண்டு. மிஞ்சும் உப்பைப் புளிக்குழம்பில் கத்தரிக்காயும் மொச்சையும் இழுத்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தாருக்குப் பிடித்தது கட்டா, பாரை, சுறா. சதை தடித்த மீன்கள்; பிளந்து, கீறி, உள்ளே வரை உப்பு ஏற்றியவை. மேலாக அலசினால் போதாது. துண்டு போட்டு வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பலர் அத்தோடு நிற்காமல் எண்ணெயில் பொரித்த பிறகே கறியில் சேர்ப்பார்கள். பொரித்த துண்டு தேங்காய்ப்பாலில் கரையாது. உப்பின் கூர்மையைப் பால் மழுக்கும். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் கவிச்சியும் அடங்கும்.

இதை வைத்து இந்தியாவுக்குப் புளி, இலங்கைக்குப் பால் என்று கோடு கிழித்துவிட முடியாது. வேகவைத்து, புகையில் உலர்த்திய மாசிக் கருவாட்டை இரு நாட்டிலும் பெரும்பாலும் ஊறவைப்பதில்லை. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் அதை இடித்தே சம்பலுக்குச் சேர்க்கிறார்கள். இன்னொன்று இன்னும் வேடிக்கையானது. கர்நாடகக் கரையில் அயிலையைக் குடல் நீக்கி, உப்போடு கொறுக்காய்ப்புளியும் சேர்த்து, தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவிட்டு, மரப்பீப்பாயில் அடைத்து இலங்கைக்கு ஏற்றுமதி செய்தார்கள். மீன்வளத் துறையினர் அதைக் ‘கொழும்பு முறை’ என்றே எழுதினார்கள். பதப்படுத்தியது இந்தியா, உண்டது இலங்கை. ஆகவே சமைக்கும் வழியைப் பெரிதும் முடிவு செய்வது மீனின் தடிமனும் அது காய்ந்த விதமும்தான். நாடு அதற்கு அடுத்தபடி.

பத்து காஜா இருக்கும் பேராக்கில் மீனே வேறு. பங்கோர் தீவுப் பக்கம் பிடிபடும் நெத்திலி படகிலேயே உப்புநீரில் வெந்து, அதன் பிறகுதான் காய்கிறது. மணல் ஒட்ட வழியில்லை. தமிழகப் பழக்கத்தில் அதை ஐந்து தண்ணீரில் அலசினால் ருசிதான் சாக்கடைக்குப் போகும். ஒரு அலசல் தாராளம். சீனர் கடைகளில் தொங்கும் கூராவ் கருவாடோ நம் காலா மீனின் இனம். சதைப்பற்றுள்ள அதற்குத் தமிழக அலசல் போதாது. ஊறவைத்துப் பொரிக்கும் யாழ்ப்பாண வழியே பொருத்தம்.

எந்த வழியில் செய்தாலும் கருவாடு கொதிக்கும்போதும் உப்பை விட்டுக்கொண்டே இருக்கும். குழம்பு இறங்கும் தறுவாயில் ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.