ஆனைக்காப் பொற்காசுகளும் நிறைக்கணக்கும்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத் தீவில், திருவானைக்கா சம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் 504 சிறியவை, ஒன்று பெரியது. மொத்த நிறை 1.716 கிலோ கிராம்; நகைக்கடைக் கணக்கில் 214½ பவுன். காசுகளில் அரபு எழுத்துகள் உள்ளன என்றும், அவை கி.பி. 1000-க்கும் 1200-க்கும் இடைப்பட்டவை என்றும் அந்நாளைய செய்திகள் கூறின. எழுத்தையும் காலத்தையும் பற்றிப் பேசியவர்கள், தாமே தந்த நிறையைப் பேசவிடவில்லை என்பதே நம் குறை.

முதற்கண் அளவையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொன்னை அவுன்சில் சொன்னால், எந்த அவுன்சு என்று கேட்டாக வேண்டும். பொன் வெள்ளி நிறுக்கும் டிராய் அவுன்சு 31.1035 கிராம், ஏனைய சரக்குகளை நிறுக்கும் அவுன்சு 28.35 கிராம். இப்புதையல் முன்னதில் 55.17 அவுன்சு, பின்னதில் 60.53 அவுன்சு. கணக்கெழுதுவோரின் கவனக்குறைவால் ஐந்து அவுன்சுப் பொன் தோன்றவும் மறையவும் கூடும்! அரபு நூல்களின் ‘ஊக்கிய்யா’வை ‘அவுன்சு’ எனப் பெயர்த்தாலும் இதே இடர்தான். இரு சொல்லுக்கும் வேர் ஒன்று, நிறை ஒன்றன்று. நாற்பது திர்ஹம் கொண்ட ஊக்கிய்யா ஏறத்தாழ 119 கிராம்.

இனிக் காசுகளுக்கு வருவோம். 1,716-ஐ 505-ஆல் வகுத்தால் காசு ஒன்றுக்கு 3.398 கிராம். பெரிய காசு எவ்வளவு கனமோ, அவ்வளவுக்குச் சிறியவற்றின் சராசரி இன்னும் குறையும். கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696–697) நிலைநாட்டிய தீனாரோ ஒரு மிஸ்கால், அதாவது 4.25 கிராம். ஸகாத்துக்குரிய இருபது மிஸ்காலை நம்மில் பலர் 85 கிராம் என்று கணக்கிடுவது இதனாலேயே. 504 காசுகளும் நிறை குறையாத் தீனார்களாயின், அவை மட்டுமே 2,142 கிராம் நிற்கும். நானூறு கிராமுக்கு மேல் துண்டு விழுகிறது. தேய்மானம் என்பாராயின், ஐந்திலொரு பங்கு பொன் தேய்ந்தபின் எழுத்து எங்ஙனம் எஞ்சும்?

3.4 கிராம் என்றதும், தென்னாட்டு நாணயங்களை அறிந்தோர்க்கு வராகன் நினைவுக்கு வரும். விசயநகரம் முதல் கும்பினியார் காலம் வரை வழங்கிய அப்பொற்காசின் நிறை ஏறத்தாழ அதுவே. வராகனில் அரபு எழுத்து வருமோ எனின், வரும். மைசூரை ஆண்ட ஹைதர் அலி (1761–1782) வெளியிட்ட வராகனில் ஒருபுறம் சிவனும் பார்வதியும். மறுபுறம் அவர் பெயரின் முதலெழுத்தாகிய ‘ஹா’.

ஆனைக்காக் காசுகள் ஹைதருடையவை என்று நாம் தீர்ப்புரைக்கவில்லை. கி.பி. 1000-க்குப் பிற்பட்ட தீனார்கள் சில நாடுகளில் நிறை பிறழ்ந்தும் வெளிவந்தன. சராசரியோ தனிக்காசின் நிறையை மறைக்கும். ஆதலின் ஒவ்வொரு காசையும் தனித்தனியே நிறுத்துப் பட்டியலிடல் வேண்டும். நிறைகள் 3.4-ஐ ஒட்டிக் குவிந்தால் அவை வராகன் தரத்தன. பரந்து சிதறினால் பல நாணயச்சாலைகளின் கலவை. அதன் பின்னரே எழுத்தைப் படித்து நூற்றாண்டைச் சொல்லுதல் முறை.

அரபு எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் ‘நம் வணிகரின் தீனார்’ என்று நம்மவர் மகிழ்வதும் ஆய்வாகாது. நம் முன்னோர் கடல் கடந்து வாணிகம் செய்த பெருமைக்கு, நிறை குறைந்த சான்று வேண்டுவதில்லை.