பட்டப்பெயரும் பாறையும்

வலிய சிறுவன் ஒருவன் மெலிய சிறுவன் ஒருவனை நாள்தோறும் துன்புறுத்துவதைக் கண்டும், ‘பிள்ளைகள் விளையாட்டு’ என்று கூறிப் பெரியவர்கள் ஒதுங்கிச் செல்வது நெடுநாளைய வழக்கம். பகடிவதை எனப் பெயர் பெற்ற இக்கொடுமை செய்தித்தாளில் இடம்பெறும் அளவுக்கு முற்றிய பிறகே, ‘இஃது எவ்வாறு நேர்ந்தது?’ என்னும் வினா எழுகின்றது. எவ்வாறு நேர்கின்றது என்பதை முதல் நாள் தொடங்கி இறுதி நாள் வரை படிப்படியாகக் காட்டும் ஆங்கிலப் புதினம் ஒன்று 1954ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. வில்லியம் கோல்டிங் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ என்பதே அது. ‘ஈக்களின் தலைவன்’ என அப்பெயரைத் தமிழில் வழங்கலாம்.

திறனாய்வாளர் பலர் இப்புதினத்தை அரசியல் உருவகமாகக் கொள்வர். மக்களாட்சி சிதைந்து கொடுங்கோன்மை தலைதூக்கும் கதை என்பர். மனித உள்ளத்தில் உறையும் தீமையை ஆராயும் தத்துவ நூல் என்பாரும் உளர். அவ்விளக்கங்கள் பொருந்துவனவே. ஆயினும், ஆசிரியர் ஒருவர் இந்நூலைக் கையில் எடுத்தால் அவர் கண்ணுக்கு முதலில் புலப்படுவது ஒரு வகுப்பறையே. கோல்டிங் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். சாலிஸ்பரி நகரில் ஆண்கள் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். 1983ஆம் ஆண்டில் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. போரின் கொடுமையைப் போலவே இடைவேளை நேரத்துப் பள்ளித் திடலின் கொடுமையையும் நேரில் கண்டவர் அவர். கொடுமை கொடியவன் ஒருவனால் மட்டும் வளர்வதில்லை, சுற்றி நின்று சிரிப்பவரால் வளர்கின்றது என்பதே அவர் காட்டும் உண்மை. இக்கோணத்தில் இந்நூலை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

முந்தைய நூல் ஒன்று

கோல்டிங்கின் சிறப்பை உணர, அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நூல் ஒன்றை ஒப்புநோக்குதல் வேண்டும். தாமஸ் ஹியூஸ் எழுதிய ‘டாம் பிரௌனின் பள்ளி நாள்கள்’ 1857ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரக்பி என்னும் விடுதிப் பள்ளியில் ஃபிளாஷ்மன் என்ற மூத்த மாணவன் இளையவர்களை வதைக்கின்றான். ஒருநாள் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து டாமைக் கணப்பு நெருப்பின் முன் பிடித்து நிறுத்திச் சுடுகின்றான். மயங்கி விழுந்த டாம், யார் செய்தது என்பதைப் பெரியவர்களிடம் சொல்லவே இல்லை. அந்த மௌனத்தை ஹியூஸ் வீரமாகப் போற்றுகின்றார். பின்னர் டாமும் அவன் தோழன் ஈஸ்ட்டும் சேர்ந்து ஃபிளாஷ்மனை அடித்து அடக்குகின்றனர்.

இறுதியில் ஃபிளாஷ்மன் பள்ளியிலிருந்து நீக்கப்படுகின்றான். ஆனால், அவன் நீக்கப்பட்ட காரணம் குடித்து மயங்கிக் கிடந்தது. சிறுவனை நெருப்பில் சுட்டது அன்று. பள்ளியின் கண்ணுக்குக் குடி தெரிந்தது, தீப்புண் தெரியவில்லை. காட்டிக்கொடுக்காமை என்னும் மாணவர் மரபு கொடியவனுக்கே கேடயமாகிவிட்டது என்பதை ஹியூஸ் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் நூலில் கெட்டவன் ஒருவன். அவனை வென்றுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கோல்டிங் அந்த எளிய விடையை ஏற்கவில்லை.

பெயர் பறிபோதல்

போர்க்காலத்தில் வானூர்தி ஒன்று விழுந்து நொறுங்க, பெரியவர் எவரும் இல்லாத தீவில் பிரிட்டிஷ் சிறுவர்கள் தனித்து விடப்படுகின்றனர். கதையின் முதற்காட்சியில் இரு சிறுவர் சந்திக்கின்றனர். ஒருவன் அழகும் உடற்கட்டும் உள்ள ரால்ஃப். மற்றவன் பருத்த உடலும் தடித்த மூக்குக்கண்ணாடியும் ஆஸ்துமா நோயும் உடையவன், அத்தையால் வளர்க்கப்பட்டவன், திருந்தாத பேச்சு வழக்குடையவன். அவன் ரால்ஃபின் பெயரைக் கேட்டு அறிகின்றான். தன் பெயரையும் ரால்ஃப் கேட்பான் என்று காத்திருக்கின்றான். ரால்ஃப் கேட்கவில்லை.

பழைய பள்ளியில் தன்னை எவ்வாறு இகழ்ந்தார்கள் என்பதை நம்பிக்கையோடு சொல்லி, அதைப் பிறரிடம் கூற வேண்டா என்றும் வேண்டுகின்றான். ‘பிக்கி’ என்பதே அப்பட்டப்பெயர். பன்றிக்குட்டி என்பது அதன் பொருள். சிறிது நேரத்தில் மற்றச் சிறுவர் அனைவரும் கூடிய அவையில், ரால்ஃபே அப்பெயரை வெளியிட்டு விடுகின்றான். எல்லாரும் சிரிக்கின்றனர், மிகச் சிறியவர்களும் சிரிக்கின்றனர். அதுவரை ஒருவரையொருவர் அறியாதிருந்த சிறுவர்களை ஒன்றுபடுத்தியது அந்தச் சிரிப்பே. அவர்கள் ஒரு வட்டமாக இணைந்தனர். பிக்கி வட்டத்துக்கு வெளியே நின்றான்.

ஆசிரியர் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம் இது. முதல் அடியை அடித்தவன் கொடியவனாகிய ஜாக் அல்லன், நல்லவனாகிய ரால்ஃப். அவன் உள்ளத்தில் வன்மம் இல்லை. கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் ஆவலே இருந்தது. பிக்கி பின்னர் வருந்திக் கேட்டபோது, ‘தடியன்’ என அழைக்கப்படுவதைவிட இது மேல் அன்றோ என்னும் கருத்தில் சமாதானம் கூறுகின்றான். நல்ல பிள்ளைகள் இத்தகைய சமாதானம் கூறுவதை எந்தப் பள்ளியிலும் கேட்கலாம். அச்சிறுவனின் இயற்பெயர் புதினத்தின் இறுதி வரை வெளிப்படவே இல்லை. அவன் இறந்த பிறகு ரால்ஃப் அழும்போதும் பட்டப்பெயராலேயே அவனை நினைத்து அழ வேண்டியவனாகின்றான்.

வட்டத்தில் நின்றவர்கள்

சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலறிஞர் டான் ஓல்வியஸ், 1970ஆம் ஆண்டுகளில் பள்ளிக் கொடுமையை முறையாக ஆராய்ந்த முன்னோடி ஆவார். தீங்கு செய்யும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருவர்க்கிடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பகடிவதை என்பது அவர் வகுத்த வரையறை. சமவலிமை உடைய இருவரின் சண்டை இதில் அடங்காது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவள்ளியும் அவர்தம் குழுவினரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சுற்றி நிற்பவரை வகைப்படுத்தியது. வதைப்பவன், வதைபடுபவன் என்னும் இருவரைத் தவிர, உடன் உதவுபவர், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், வதைபடுபவனுக்குத் துணை நிற்பவர் எனப் பலர் அங்கு உளர் என்று அது காட்டியது.

இவ்வகையினர் அனைவரையும் கோல்டிங் தம் தீவில் முன்னரே படைத்துவிட்டார். ஜாக் வதைப்பவன், ரோஜர் உதவுபவன், வேட்டைக் கூட்டத்தார் ஊக்குபவர், ரால்ஃப் பல வேளைகளில் ஒதுங்கி நிற்பவன். துணை நிற்பவன் சைமன் ஒருவனே. ஜாக் பிக்கியை அறைந்து கண்ணாடியை வீழ்த்தும்போது, முதலில் ஓடிச் சென்று அதனை எடுத்துக் கொடுப்பவன் சைமன். பிக்கிக்கு இறைச்சி தர ஜாக் மறுக்கும்போது, தன் பங்கை அவன் பக்கம் தள்ளுபவனும் சைமனே. அவன் வீர உரை எதுவும் ஆற்றவில்லை. ஓர் இறைச்சித் துண்டை நகர்த்தினான், அவ்வளவே. அச்சிறு செயல் ஜாக்கைச் சினங்கொள்ளச் செய்கின்றது. துணை நிற்பவன் ஒருவன் இருந்தாலே வதைப்பவனின் வலிமை குறையும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அதே காட்சியில் கண்ணாடியின் ஒரு வில்லை உடைந்துவிடுகின்றது. ஜாக் மன்னிப்புக் கேட்கின்றான். எதற்காக? தீயை அணையவிட்ட தவற்றுக்காக. பிக்கியை அடித்ததற்காக அன்று. கூட்டமோ அவன் பெருந்தன்மையை வியக்கின்றது. தலைமையாசிரியர் அறையில் இருவரையும் நிறுத்தி, கைகுலுக்கச் செய்து, ‘சரி, வகுப்புக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிடும் வழக்கத்தை இக்காட்சியோடு வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பற்றி எவரும் பேசாத மன்னிப்பு, அடித்தவனுக்கே புகழைத் தேடித் தருகின்றது.

கல் பாறையானது

ரோஜரின் வளர்ச்சி இந்நூலின் மிகக் கூர்மையான பகுதி எனலாம். தொடக்கத்தில் அவன் கடற்கரையில் விளையாடும் சிறுவன் ஒருவனை நோக்கிக் கற்களை எறிகின்றான். ஆனால், அவை அச்சிறுவன் மேல் படாதவாறு சுற்றிலுமே விழச் செய்கின்றான். பெற்றோர், பள்ளி, காவலர், சட்டம் ஆகியவை இளமையில் இட்ட கட்டு, அவர்கள் அருகில் இல்லாதபோதும் அவன் கையைத் தடுத்து நிற்கின்றது. நாள்கள் செல்கின்றன. ஜாக்கின் அறைக்குத் தண்டனை இல்லை. கேலிக்குக் கேள்வி இல்லை. அவன் கையைத் தடுத்த கட்டு மெல்ல மெல்ல அவிழ்கின்றது. இறுதியில் அதே ரோஜர் மலையுச்சியில் நின்று பெரும்பாறையை உருட்டி விடுகின்றான்; பிக்கி இறக்கின்றான். முதலில் எறிந்த கல்லுக்கும் இப்பாறைக்கும் இடையே நிகழ்ந்தவை யாவும் பெரியவர் எவரேனும் குறுக்கிட்டிருக்கக் கூடிய இடங்கள்.

சைமனின் இறப்பு இதனினும் நெஞ்சை உறுத்துவது. இருளில் ஆடும் கூட்டம் அவனை விலங்கெனக் கருதிக் கொல்கின்றது. அக்கூட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருக்கின்றனர். மறுநாள் பிக்கி, தாங்கள் வெளிவட்டத்தில்தான் நின்றதாகவும், ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் காணவில்லை என்றும் சாதிக்கின்றான். தனக்குத் துணை நின்ற ஒருவனைத் தானும் கைவிட்டதை அவனால் ஒப்ப முடியவில்லை. வதைபட்டவன் என்பதனால் ஒருவன் நல்லவனாகிவிடுவான் என்னும் எளிய நம்பிக்கையையும் கோல்டிங் தகர்த்துவிடுகின்றார்.

நூலின் குறை

இத்துணைச் சிறப்புடைய நூலுக்கும் குறை உண்டு. தீமை மனித இயல்பிலேயே உள்ளது, தடை நீங்கினால் அது வெளிப்பட்டே தீரும் என்பது கோல்டிங்கின் துணிபு. மெய்ந்நிகழ்ச்சி ஒன்று இத்துணிபுக்கு மாறாக நிற்கின்றது. 1965ஆம் ஆண்டில் தொங்கா நாட்டுப் பள்ளி மாணவர் அறுவர் படகேறிப் புயலில் சிக்கி, ஆளில்லாத ஆத்தா தீவில் ஒதுங்கினர். 1966ஆம் ஆண்டில் பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியர் மீட்கும் வரை, ஓராண்டுக்கு மேல் அவர்கள் அங்கு வாழ்ந்தனர். வேலைகளை முறைவைத்துப் பகிர்ந்தனர்; மூட்டிய தீயை அணையாமல் காத்தனர்; கால் ஒடிந்த தோழனைப் பேணினர். பூசல் எழுந்தால், பூசலிட்டவர்கள் பிரிந்து சென்று சினம் ஆறிய பின் திரும்புவதை வழக்கமாகக் கொண்டனர். அவர்கள் ஒரே பள்ளியில் பயின்ற தோழர்கள் என்பது உண்மையே. ஆனால், சிறுவரைத் தனியே விட்டால் வதையே விளையும் என்பது விதியன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி போதும்.

நார்வே நாட்டு வரலாறு மற்றொரு சான்று. 1982ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுச் சிறுவர் மூவர் உயிரை மாய்த்துக் கொண்டனர். சக மாணவரின் கொடுமையே பெரும்பாலும் காரணம் எனக் கருதப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கிற்று. பெர்கன் நகரப் பள்ளிகளில் ஓல்வியஸ் செயற்படுத்திய திட்டம் எளிமையானது. இடைவேளையில் ஆசிரியர் திடலில் நிற்றல், வகுப்பே கூடி விதிகள் அமைத்தல், வதைத்தவனோடும் வதைபட்டவனோடும் பெற்றோரோடும் தனித்தனியே பேசுதல் ஆகியவையே அதன் கூறுகள். பிறரை வதைக்கலாகாது என்பதோடு, வதைபடுபவனுக்கு உதவ வேண்டும், தனித்து நிற்பவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், கண்டதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பனவும் விதிகளாயின. கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென அவர் அறிவித்தார். டாம் பிரௌன் போற்றிய மௌனத்துக்கு நேர் எதிரான வழி இது.

தமிழ்ப்பள்ளிக்கு உரியது

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை குறைவு; ஆண்டுக்கு ஒரு வகுப்பே உண்டு. முதலாம் ஆண்டில் ஒட்டிய பட்டப்பெயர் ஆறாம் ஆண்டு வரை ஒட்டியே இருக்கும்; ஒதுங்கிச் செல்ல வேறு வகுப்பும் இல்லை. அத்தகைய பள்ளியும் ஒரு தீவே. நிறம், உடல், திக்குவாய், தந்தையின் தொழில் ஆகியவை பெயராகின்றன. அப்பெயரால் ஆசிரியரே ஒருமுறை வேடிக்கையாக அழைத்துவிட்டால், வகுப்பு முழுவதற்கும் இசைவு கிடைத்துவிடுகின்றது. கைப்பேசி வந்த பின்னர், வகுப்பில் எழுந்த சிரிப்பு மாலையில் புலனக் குழுவிலும் தொடர்கின்றது. வீட்டுக் கதவும் காப்பாக அமைவதில்லை.

சட்டங்கள் வந்துள்ளன. சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டில் தொல்லைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் பகடிவதை பற்றிய திருத்தங்கள் 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தன. இவை வேண்டுவனவே. ஆனால், புதினத்தின் இறுதியில் கரையிறங்கும் கடற்படை அதிகாரியைப் போலச் சட்டம் பெரும்பாலும் பின்னரே வருகின்றது. அவர் வரும்போது சைமனும் இல்லை, பிக்கியும் இல்லை. அழும் சிறுவரைக் காணப் பொறாமல் அவர் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றார். முன்னரே வரக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவரே.

‘இனியவை கூறல்’, ‘இன்னாசெய்யாமை’ ஆகிய குறள் அதிகாரங்களை மனனம் செய்விக்கும் வகுப்பில், இப்புதினத்தின் முதற்காட்சியைத் தமிழில் கதையாகச் சொல்லலாம். சொல்லிய பின், ‘இவர்களுள் கெட்டவன் யார்?’ என்று வினவினால் மாணவர் ஒருமுகமாக ஜாக்கைச் சுட்டிவிட்டு அமைதி அடைவர். ‘அச்சிரிப்பு எழுந்தபோது சிரிக்காமல் இருந்தவன் யார்? அவ்வேளையில் நீ அங்கு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் தன் வகுப்பையே எண்ணிப் பார்ப்பான்.

பிக்கி காத்திருந்தது ஒரே ஒரு கேள்விக்காக. ‘உன் பெயர் என்ன?’ என்று ரால்ஃப் அவனைக் கேட்டிருக்கலாம். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெற்றோர் விரும்பி இட்ட பெயரால் ஒவ்வொரு பிள்ளையையும் மதிப்போடு அழைப்பாராயின், அக்கேள்வி நாள்தோறும் அவ்வகுப்பில் கேட்கப்பட்டதாகும்.