கவே கனெம்!

அந்த நாயைப் பார்த்துவிட்டேன்! பொம்பெய்யில், 'சோகக் கவிஞர் வீடு' என்று அகழ்வாய்ந்தவர்கள் பெயர் வைத்த அந்த வீட்டு வாசலில், கண்ணாடிக்குக் கீழே, சங்கிலியில் கட்டிப் போட்ட கறுப்பு நாய், பல்லைக் காட்டிக்கொண்டு, இதோ பாயப்போகிறேன் என்று முன்னங்காலைத் தாழ்த்தி நிற்கிறது. முழுக்கச் சின்னச் சின்னக் கல் பதித்துச் செய்தது. அதன் காலடியில் இரண்டே வார்த்தை: கவே கனெம். நாய் ஜாக்கிரதை!

நம் தெருவில் கேட்டுக்குக் கேட்டு தொங்குகிற பலகைதானே அது! கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்துப் புதைந்துபோன ஊரில், ஒரு வீட்டுக்காரர் வருகிறவனுக்குச் சொன்னதை நான் நேராக வாசித்துவிட்டேன், மொழிபெயர்ப்பு இல்லாமல், வழிகாட்டி இல்லாமல்! வாய்விட்டு மூன்று தடவை படித்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி திரும்பிப் பார்த்தார், அவருக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினேன்.

ஆறு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொண்ட துளி லத்தீன்தான் இதற்குக் காரணம். லத்தீன் கஷ்டம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், தமிழ் தெரிந்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்! 'கனிஸ்' என்றால் நாய், 'கனெம்' என்றால் நாயை. அவ்வளவுதான், நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' அங்கே 'எம்' என்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது மண்டையில் ஏறியதும் ஊர்ச் சுவரெல்லாம் பேசத் தொடங்கிவிடும். ஆமாம், சுவர்! பொம்பெய்யில் தேர்தல் சுவர் விளம்பரம் மட்டும் 2,000-க்கும் மேல் கிடைத்திருக்கிறது, நம் ஊர்ச் சுவர் மாதிரியே பெரிய எழுத்தில், சிவப்பிலும் கறுப்பிலும். ஹெல்வியுஸ் சபீனுஸ் என்று ஒரு வேட்பாளர், எரிமலை வெடித்த அதே ஆண்டுத் தேர்தலில் நின்றவர் என்கிறார்கள். சுவரில் அவர் பெயர் 'சபீனும்' என்று இருக்கும், அதாவது சபீனுஸை! கூடவே ஓ, வி, எஃப் என்று மூன்றெழுத்துச் சுருக்கம்: இவரைத் தேர்ந்தெடுக்க உங்களை வேண்டுகிறேன். இன்னொருவருக்கு ஓட்டுக் கேட்டவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? நல்ல ரொட்டி தருகிறார்!

இப்போது கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணி, கருங்கல் பாவிய தெரு, வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கல்லிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது, என் விரல் நாலும் அதற்குள் போகிறது, கால் நனையாமல் தெருவைத் தாண்ட நடுவில் உயரமாகக் கல் போட்டிருக்கிறார்கள், அந்தக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சக்கரம் போக அளந்து இடம் விட்டிருக்கிறார்கள், நான் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவுகிறேன், திரும்பவும் தாவுகிறேன், எதிரே வெசூவியஸ் சாதுவாக நிற்கிறது, தாவி இறங்கி 'வெத்தி வீடு' என்று பெயர்பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் (பல வருஷம் மூடிக் கிடந்ததை 2023 ஜனவரியில்தான் முழுசாகத் திறந்தார்கள்) தொட்டில் வயசு ஹெர்குலிஸ் இரண்டு கையாலும் பாம்புகளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறான், காளிங்கன் மேல் ஆடிய நம் கண்ணன் ஞாபகம் வராமல் என்ன செய்யும், இந்தப் பக்கம் வந்தால் அவர்கள் வீட்டுச் சாமி மாடம், நடுவில் குலத்தைக் காக்கும் தேவன், இருபுறமும் கொம்புக் கிண்ணம் ஏந்திக் கூத்தாடும் லாரெஸ் என்ற வீட்டுக் காவல் தெய்வங்கள், கீழே படையலை நோக்கி நெளிந்து வரும் பெரிய பாம்பு! எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமே படவில்லை!

நிழல் குறைவு, உண்மைதான். ஒரு தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர், முடிந்தது விஷயம்.

நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. போவதற்கு முன் இருபது லத்தீன் வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போனதும் நேராக அந்த நாயிடம் போய் அந்த இரண்டு வார்த்தையைச் சத்தமாகப் படியுங்கள்.