மீளும் கட்டுப்பாடு, மீளா முடிவு

கல்வராயன் மலையில் பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் எழும் பிணக்கை ‘அடங்காத பிள்ளை’, ‘பழமை பேசும் பெற்றோர்’ என்று பெயரிட்டு முடித்துவிடுவது எளிது. அவை முன்முடிவுகளே, மதிப்பீடுகள் ஆகா. வீட்டுக் கட்டுப்பாட்டை மூன்று அளவுகோல்களால் எடைபோடலாம்: காரணம் சொல்லப்படுகிறதா, வயதுக்கேற்பத் தளர்கிறதா, தவறாகிப்போனால் திருத்த வழியுண்டா.

பெற்றோர் தரப்பின் வலிமை, அதன் அச்சம் கற்பனையன்று என்பது. 1976இல் ஜாகிர் முறை ஒழியும்வரை ஜாகிர்தார்கள் எனும் நிலவுடைமையாளர்களுக்குக் கூலியின்றி உழைத்த மலை இது. அரசும் பள்ளியும் பேருந்தும் பிந்தியே வந்தன. பிழைப்புக்காகப் பெற்றோர் வெளிமாநிலம் போகும் மாதங்களில் மகள் பாட்டியின் பொறுப்பு. இருட்டுமுன் வீடு திரும்பு, இரவில் கைபேசியைக் கொடுத்துவிடு என்பவை இச்சூழலில் நியாயமான விதிகள். குறை, அவை சொல்லப்படும் முறையில் உள்ளது. காரணம் கேட்டால் அதட்டலே பதில். பதின்மூன்றில் விதித்தது பதினேழிலும் இம்மியும் தளர்வதில்லை. தம்பிக்கு அவ்விதி பொருந்துவதே இல்லை.

திருமணப் பேச்சில் அத்தரப்பு முற்றாகச் சரிகிறது. பாதுகாப்புக்காக விதிக்கப்பட்ட கட்டுப்பாடு, பாதுகாப்பின் பெயராலேயே மகளை இன்னொரு வீட்டில் ஒப்படைக்கிறது. தாமதித்தால் வரதட்சணை ஏறும் என்ற சமவெளி வாதத்துக்கும் இங்கே மரபின் துணையில்லை. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் வழக்கில் பரிசம் தருவது மாப்பிள்ளை வீடு. கைபேசியை மறுநாள் திருப்பித் தரலாம். பதினாறு வயதில் கட்டிய தாலியையும் விட்டுப்போன பள்ளியையும் அப்படித் திருப்பித் தர முடியாது.

மகள் தரப்பின் சிறப்பு, விதியில் உள்ள பாரபட்சத்தை அவள் துல்லியமாகக் காண்பது. படிக்க வேண்டும் என்ற அவள் கோரிக்கையில் தெளிவும் உண்டு, எதிர்காலக் கணக்கும் உண்டு. குறை, எல்லா விதிகளையும் ஒரே விலங்காகக் கருதுவது. அந்தக் கோபத்தில் பதினேழு வயதில் காதலனோடு வீட்டைவிட்டுப் போகும் பெண், பெற்றோர் செய்த அதே பிழையைத் தானும் செய்கிறாள்: மீள முடியாத முடிவை உரிய வயதுக்கு முன் எடுக்கிறாள். அளவுகோல் ஒன்றென்றால் அது இருவருக்கும் ஒன்றுதான்.

சட்டத்தையும் விட்டுவிட இயலாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், திருமணம் நடத்துவோருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் நடந்த திருமணத்தைப் பெரும்பாலும் தானாகச் செல்லாததாக்குவதில்லை. சிறுவயதில் மணமானவர்தான் வழக்குத் தொடுத்து ரத்து கேட்க வேண்டும். அதுவும் பதினெட்டு நிறைந்து இரண்டாண்டுக்குள். மீளும் வழியைத் திறந்துவைத்தது சட்டத்தின் நிறை. அந்த வழியில் அவளைத் தனியே நடக்கவிட்டது குறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு வரும் அழைப்பு திருமணத்தை நிறுத்தக்கூடும். மறுநாள் காலை அவள் அதே வீட்டில்தான் கண்விழிக்கிறாள்.

இதைவிடச் செம்மையான முறை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தை 2022இல் உயர்கல்விக்கான மாதம் 1,000 ரூபாயாக மாற்றியது. திருமணத்துக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது. மகளின் வாதத்துக்கு வீட்டுக்குள் எடை கூடுகிறது. ஆனால் அது பள்ளிப் படிப்பைத் தாண்டி உயர்கல்வியில் சேர்ந்தவளுக்கே கைக்கு வரும். மலையில் ஆபத்தான இடைவெளி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தீர்ப்பு இது. திருத்தக்கூடியவற்றில் கட்டுப்பாடு விதிக்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு. காரணம் சொல்லும் கடமையும் உண்டு. திருத்த முடியாதவற்றில் அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. பதினெட்டு வரை அவளுக்கும் இல்லை. அதுவரை காத்திருப்பது இரு தரப்புக்கும் பொதுவான கடமை.