கழுத்தில் ஒரு காவல்

சில விஸ்கி பாட்டில்களின் கழுத்தில் பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று இருக்கும். குலுக்கினால் அதற்குள் ஒரு சின்னக் குண்டு கடகடக்கும். காலி பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி அசல் என்று விற்பவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது.

பாட்டிலைச் சாய்த்தால் குண்டு உருண்டு வழிவிடும். நிமிர்த்தினால் துளையில் உட்கார்ந்துகொள்ளும். மேலிருந்து ஊற்றிப் பார்த்தால், ஊற்றுகிற திரவமே குண்டை அழுத்திப் பிடித்து வழியை அடைத்துவிடும், மிச்சம் வெளியே வழியும். கேட்க எளிதுதான். ஆனால் உள்ளிருப்பது வெளியே வர, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டுமே! காற்றை விட வேண்டும், திரவத்தை விடக்கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்காவில் காப்புரிமைகள் குவிந்தன. கம்பியை விட்டுக் குண்டை நெம்புவார்களா? மேலே ஒரு தடுப்பு வைத்து வழியை வளைத்துவிட்டார்கள். படுக்க வைத்து நிரப்புவார்களா? அதற்கும் யோசித்தார்கள். ஏமாற்றுபவனின் ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே யோசித்த அந்தப் பொறுமை என்னை அசத்துகிறது.

நம் கோலி சோடாவிலும் குண்டுதான். 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் காட் உருவாக்கிய அந்த பாட்டிலில், வாயு கீழிருந்து குண்டை ரப்பர் வளையத்தோடு அழுத்துகிறது. ஆனால் அதைக் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பலாம்; விஸ்கி பாட்டிலின் குண்டு தடுப்பதோ அதைத்தான்.

1935 முதல் 1964 வரை அமெரிக்க மது பாட்டில்களில், மறுபடி பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று கண்ணாடியிலேயே பொறித்தார்கள். அந்த எச்சரிக்கையை விட விஸ்கி பாட்டிலின் குண்டையே நான் நம்புவேன்.